கயிறு அவருக்கு, வாசம் எனக்கு

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கிடாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் கார்ச்சாவி தொலைந்தது. தொலைத்தது நான்தான். ஆனால் தொலைய வைத்தது வியாபாரி இசக்கிராஜாவின் கை. அதில் எனக்கு அன்றைக்குச் சந்தேகமே இல்லை.

ஆட்டுச்சந்தையில் வாயால் விலை பேசுவது கிடையாது. கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள்ளே ஒருவன் விரலை இன்னொருவன் பிடித்துத்தான் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு என் துண்டைப் போட்டோம். அந்தத் துண்டின் முனையில்தான் சாவியை முடிந்து வைத்திருந்தேன். இசக்கிராஜா என் விரலைப் பிடிக்க, நான் உதற, அவன் மறுபடி பிடிக்க, கடைசியில் கிடாய் அவன் கைக்குப் போனது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தால் முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது. சாவி இல்லை. தரையெல்லாம் ஆட்டுப் புழுக்கையும் மழைச் சகதியும். குனிந்து தேடித் தேடி இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தபோது இசக்கிராஜா ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான்.

வீட்டில் நிற்கிற காருக்குச் சாவி சந்தைக்கு எதற்கு வந்தது என்று கேட்பீர்கள். மகள் முத்துச்செல்வியும் அதைத்தான் கேட்டாள். சாவி வீட்டு ஆணியில் தொங்கினால் எவனாவது எடுத்துக்கொண்டு போவான். என் துண்டில் இருந்தால் கார் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“ஆணியில தொங்குனா களவு போயிரும்னு சொன்னீங்க. இப்ப பாருங்கப்பா, ஆணி பத்திரமா இருக்கு” என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள் முகம் சரியில்லை. அந்தக் கார் அவளுடைய பிழைப்பு. தினமும் காலையில் கோவில்பட்டிக்குப் போய் நாலு டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு வந்து பசுவந்தனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறாள். திங்கட்கிழமை அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். பொம்பளைப் பிள்ளை ஓட்டுகிற வண்டியை நம்பாதீர்கள் என்று டீச்சர்மார் காதில் ஓதிக்கொண்டே ஒரு வேன்காரன் காத்திருக்கிறான்.

“திங்கக்கிழமை நான் போகலைன்னா, செவ்வாக்கிழமையிலருந்து அவியளுக்கு வேன்தான். அப்புறம் திரும்பி வரமாட்டாவ” என்றாள்.

எனக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது. சாவியை எடுத்தவனுக்கு எங்கள் ஊர் தெரியும், வெள்ளைக் கார் நிற்பதும் தெரியும் என்றால் என்ன ஆவது? அன்று நாயைக் கொண்டுபோய்க் காரின் முன்சக்கரத்தில் கட்டிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டியிலிருந்து பூவனலிங்கம் பைக்கில் வந்தான். கார்ச்சாவி போடுகிறவன். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கைக்குட்டை, வாய் ஓயாத பேச்சு. மதுரைக்குத் தெற்கே தன்னை விட்டால் ஆள் இல்லை என்று வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே சொல்லிவிட்டான். இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இறங்கியதும் ஆர்.சி. புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் கேட்டான். என் வாசலில் நிற்கிற காருக்கு என்னிடமே அத்தாட்சியா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“பெரியவரே, கேக்காம நான் சாவி போட்டுக் குடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தன் உங்க காரைக் காட்டி எங்கிட்டயே சாவி வாங்கிட்டுப் போவான். பரவால்லையா?” என்றான்.

புத்தகம் என் பேரில்தான் இருக்கிறது. கொடுத்தேன். இவன் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. இருந்தாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

கதவுப் பூட்டுக்குள் ஒரு கம்பியை விட்டு, ஒற்றைக் கண்ணால் லென்ஸில் பார்த்து, பெட்டியிலிருந்த சின்ன மெஷினில் ஒரு சாவியைக் கரகரவென்று வெட்டினான். கதவில் போட்டுத் திருப்பினான். திறந்தது. ஓடிப்போய் முத்துச்செல்வியைக் கூட்டிவந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினாள். விளக்கெல்லாம் எரிந்தது. எஞ்சின் கிர்ரென்று சுற்றியது, அப்படியே அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினாள். மறுபடி அடங்கியது. முன்னால் சாவி போலவே ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது.

ஏமாற்றுகிறாயா என்று அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அவன் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“கதவு திறக்குறது இரும்பு. வண்டி கிளம்புறது இரும்பால இல்ல. தொலைஞ்சுபோன சாவியோட தலைக்குள்ள ஒரு சிப்பு உண்டு. சாவியப் போட்டுத் திருப்பினதும் காரு அதுகிட்ட நீ யாருன்னு கேக்கும். அது சொல்லுத பதில் சரியா இருந்தாத்தான் எஞ்சினை ஓட விடும். நான் வெட்டுனதுக்குத் தலைக்குள்ள ஒண்ணுமில்ல. காரு கேக்குது, இது பேசாம நிக்குது.”

எனக்கு எங்கள் ஆட்டுக்கிடை ஞாபகம் வந்தது. எங்கள் கிடையில் நூறு ஆடு நின்றாலும் தாய் ஆடு தன் குட்டியை மோந்து பார்த்துத்தான் மடி கொடுக்கும். அதே நிறம், அதே உருவத்தில் வேறு குட்டியைக் கொண்டுபோய் விட்டால் உதைத்துத் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து வேறு குட்டிமேல் போர்த்தினால் அந்த வாசத்தை நம்பிப் பால் கொடுக்கும்.

“அப்ப காரு மோந்து பாக்குதுன்னு சொல்லு” என்றேன்.

பூவனலிங்கம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இவ்வளவு நாள் தொழிலில் இதைவிடச் சுலபமாகத் தானே யாருக்கும் சொன்னதில்லை, இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றான். எனக்குப் பெரிய உற்சாகமாகப் போய்விட்டது. சந்தையில் சாவியை எடுத்தவன் வந்து திருப்பினால் கார் போய்விடுமே, அதற்கு என்ன வழி என்று கேட்டேன். அந்தச் சாவியின் வாசத்தைக் காரை மறக்க வைத்துவிடலாம், செல்போனில் நம்பரை அழிப்பது மாதிரி, பிறகு அதைப் போட்டால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது என்றான். ஆனால் ஒன்று: அப்படி அழிக்கவேண்டுமென்றால், கார் அறிந்த வேறு சாவி ஒன்று கையில் இருக்கவேண்டும். இந்தக் காருக்கு ஏற்ற புதுச் சிப்பு அவனிடம் இல்லை. மதுரையிலிருந்து வரவேண்டும். செவ்வாய் ஆகிவிடும்.

முத்துச்செல்வி ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள்.

சும்மா நிற்கப் பிடிக்காமல் பூவனலிங்கம் ஒரு ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். மறுமுனையில் சிலேட்டு போல ஒரு மெஷின். எதையெதையோ அமுக்கினான். நான் தலையை நீட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது ஆகாது. ஆனால் நடுவில் இருந்த நம்பர் தெரிந்தது. ரெண்டு.

“அது என்ன ரெண்டு?”

“இந்தக் காருக்கு ரெண்டு சாவி தெரியும்னு சொல்லுது. இன்னொண்ணு எங்க பெரியவரே?”

எனக்கு வந்தது ஒன்றுதான். போன பங்குனியில் விளாத்திகுளத்துக்கு அப்பால் இருக்கிற இராமச்சந்திரனிடம் அந்தக் காரை வாங்கினேன். நல்ல சம்சாரி, மிளகாய்க்காடும் மாடுகன்றும் உள்ளவர். சாவி ஒன்றுதானா என்று அன்றைக்கே கேட்டேன். ஒன்றுதான் என்றார். சொல்லும்போது கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார். அவரும் அவர் சம்சாரம் ராதாமணியும் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் எதையோ சொல்லிக்கொண்டதையும் பார்த்தேன். அப்போதே இடித்தது எனக்கு.

முத்துச்செல்வி உடனே அவருக்குப் போன் போட்டாள். சாவி எதுவும் இங்கே இல்லை தாயி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“எடு பைக்கை” என்றேன்.

நான் எதற்கு என்றான் பூவனலிங்கம். அவனையும் அந்த மெஷினையும் காரோடு தனியே விட்டுவிட்டு நான் போகிறதாக இல்லை. அதை அவனிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். மகள் பின்னாலேயே வந்து, சண்டை போடாமல் பேசுங்கள், சாவிதான் வேண்டும், சண்டை வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள்.

கார்த்திகை மழை விட்டு, காடெல்லாம் உளுந்தும் கம்பும் பச்சென்று நின்றது. நான் எதையும் பார்க்கவில்லை. வழி முழுக்க இராமச்சந்திரனிடம் என்ன கேட்பது என்பதையே பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். களவாணி என்ற வார்த்தையை எந்த இடத்தில் சொல்வது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

இராமச்சந்திரன் வாசலில் பருத்திக்கு மருந்தடிக்கிற டின்னைக் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க என்றார். ராதாமணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. சாவியைக் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

“இன்னொரு சாவி இருக்குன்னு காரே சொல்லிருச்சு, அண்ணாச்சி.”

கழுவின கை நின்றது. “காரா சொல்லுச்சு?” என்றார்.

பூவனலிங்கம் மெஷின் பற்றி எடுத்துச் சொன்னான். இராமச்சந்திரன் முகம் கறுத்தது. மனைவியைப் பார்த்தார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். இந்தத் தடவை நான் விடவில்லை. எனக்குப் புரிகிற மாதிரிப் பேசுங்கள் என்று சத்தம் போட்டேன். ராதாமணிதான் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “வாங்கண்ணே, வந்து பாருங்க. நீங்க நினைக்குத மாதிரி இல்ல” என்று தொழுவுக்குக் கூட்டிப்போனாள்.

தொழுவில் இரண்டு பசுக்கள் நின்றன. பின்சுவரில் வரிசையாக மர முளைகள் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முளையிலும் ஒரு பழைய கயிறு. அவர்கள் விற்ற மாடுகளின் கழுத்துக்கயிறு. கடைசி முளையில் மஞ்சள் நூலில் கட்டி, குங்குமம் வைத்து, என் காரின் சாவி தொங்கியது.

நான் திட்டத் தயாராக வந்தவன். களவாணி என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

“மாட்டைக் குடுக்கோம். கயிறையும் சேத்தா குடுக்கோம்?” என்றார் இராமச்சந்திரன். “டிராக்டரை விக்கும்போது எல்லாச் சாவியையும் குடுத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் வெள்ளாமை வீட்டுக்கு வரல. காரை விக்கும்போது இவ சொன்னா, ஒண்ணை வச்சிக்கிடுவோம்னு. களவாங்கவா வச்சேன்? உங்க ஊர்ப் பக்கம் ஒரு நாளாவது வந்தேனா?”

கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று என் வீட்டுத் தொழுவிலும் அப்படித்தான் கயிறுகள் தொங்குகின்றன. மாட்டை வாங்க வருகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டித்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். பழைய கயிற்றைக் கேட்டு எவனாவது என் வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? நாயை அவிழ்த்துவிடுவேன்.

“பெரியவரே, வாங்கிட்டுக் கிளம்புங்க. மழை இருட்டிக்கிட்டு வருது” என்றான் பூவனலிங்கம்.

கேட்கமுடியாது என்றேன். உங்கள் காரின் சாவி, புத்தகம் உங்கள் பேரில் இருக்கிறது, பிறகென்ன கேட்கமுடியாது என்று அவன் குதித்தான். அவனுக்குப் பட்டணத்துப் புத்தி. அவனிடம் என்னத்தைச் சொல்ல? ஆனால் முத்துச்செல்வி ஸ்டியரிங்கில் தலை சாய்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. கயிற்றையும் எடுக்க ஏலாது, வெறுங்கையோடு திரும்பவும் ஏலாது. சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சட்டென்று பொறி தட்டியது.

“ஏலே பூவனலிங்கம், வாசம் இரும்புல இல்ல, தலைக்குள்ளதான இருக்கு? அதை மட்டும் எடுக்க முடியுமா?”

அவன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “எடுக்கலாமே. காலையில வெட்டுன சாவியில அதை வச்சிட்டா வண்டி கிளம்பிரும். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?” என்றான்.

இராமச்சந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பதை எடுத்தால் மிச்சம் வெறும் தகரம்தானே என்றார். ராதாமணி, அதிலேதான் வீட்டு லட்சுமி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யோசித்து ஒன்று கேட்டேன். இந்தச் சிப்பை நீங்கள் என்றைக்காவது தொட்டதுண்டா, கண்ணால் பார்த்ததுண்டா? இல்லை என்றார். மாட்டை விற்கும்போது அதன் வாசத்தையா பிடித்து வைத்துக்கொள்கிறோம்? வாசம் மாட்டோடுதான் போகிறது. நம் கை பிடித்த கயிறுதான் நம்மோடு இருக்கிறது. உங்கள் கை பிடித்தது இந்தச் சாவியின் தலையை, திருப்பினது இந்த இரும்பை. அது இங்கேயே இருக்கட்டும்.

புருசனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இராமச்சந்திரனே சாவியை முளையிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, பூவனலிங்கத்திடம் நீட்டினார்.

“மூடும்போது முன்ன இருந்த மாதிரியே மூடிரணும்” என்றார்.

பூவனலிங்கம் வாசலில் உட்கார்ந்து, பிளேடால் நெம்பிச் சாவியின் தலையைப் பிளந்தான். உள்ளேயிருந்து பருத்திக்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒன்று எடுத்தான். இவ்வளவு பெரிய காரை இந்தக் கொட்டையா கிளப்புகிறது? எல்லோரும் குனிந்து பார்த்தோம். ராதாமணிகூடச் சிரித்துவிட்டாள். சாவியை ஒட்டி, மஞ்சள் நூலைக் கட்டி, குங்குமம் கலையாமல் முளையில் மாட்டினார்கள். அப்புறம்தான் நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

சிப்பை டப்பாவில் போடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். துண்டிலும் முடிந்து வைக்கவில்லை. வலது கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சீக்கிரம் போகலாம் என்று தார்ரோட்டை விட்டுக் காட்டுப்பாதையில் விடச் சொன்னவன் நான்தான். மழை பெய்த கரிசலில் பைக் விடச் சொல்பவனை என்னவென்று சொல்வது? சகதி டயரில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் போய், நான் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் விழுந்தோம். என் வேட்டி, சட்டை, மீசையெல்லாம் களி. பூவனலிங்கம் தன் பைக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான்.

“இருக்கா?”

கை அப்படியே மூடியிருந்தது. திறந்து காட்டச் சொன்னான். திறக்கமாட்டேன் என்றேன். இந்தச் சகதியில் விழுந்தால் பருத்திக்கொட்டை எது, சிப்பு எது? முளைத்து வந்தால்தான் தெரியும் என்றான். மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சக்கரத்துச் சகதியை வழித்துவிட்டு ஹேண்டிலைப் பிடிக்க, நான் இடதுகையால் தள்ள, தார்ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

முத்துச்செல்வி வாசலில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் சண்டை போட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்று நினைத்துவிட்டாள். நான் அவள் முன்னால் கையை விரித்தேன்.

பூவனலிங்கம் காலையில் வெட்டிய சாவிக்கு ஒரு பிளாஸ்டிக் தலை மாட்டி, அதற்குள் அதை ஒட்டினான். அவளே போட்டுத் திருப்பினாள். சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுக்கியது, அணைந்தது. எஞ்சின் கிர்ரென்றது, பிடித்துக்கொண்டது. முன்சக்கரத்தில் கட்டியிருந்த நாய் துள்ளிக் குதித்துக் குரைத்தது. நல்லவேளை, அதை அவிழ்த்துவிட யாருக்கோ ஞாபகம் வந்தது. மகள் எஞ்சினை அணைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் ஓடட்டும்பா என்றாள்.

பிறகு மெஷினைச் சொருகிச் சந்தையில் தொலைந்த சாவியைக் காரை மறக்க வைத்தான். அழித்துவிட்டேன் என்று அவன் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் உனக்கென்றும் ஒரு சாவி பழக்கிவிட்டாயா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. மெஷினை என் பக்கம் திருப்பினான். நடுவில் நம்பர் இருந்தது. ஒன்று. முத்துச்செல்வியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளும் ஒன்று என்றாள். செவ்வாய்க்கிழமை புதுச் சிப்பு வந்ததும் இன்னொரு சாவி போட்டுத் தருகிறேன் என்றான். வா, ஆனால் நான் வீட்டில் இருக்கும்போது வா என்றேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கார் கிளம்பியது. பசுவந்தனைக்குத் திரும்புகிற விலக்கில் வேன்காரன் டீ குடித்துக்கொண்டு நின்றானாம். அவன் முகத்தைப் பார்ப்பதற்காகவே அங்கன கொஞ்சம் மெதுவாக ஓட்டினதாக மகள் சொன்னாள். டீச்சர்மார் நாலு பேரும் பரீட்சைக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இசக்கிராஜா. மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். மதுரையில் ஆடுகளை இறக்கும்போது அவன் துண்டு மடிப்புக்குள்ளிருந்து விழுந்ததாம். வேண்டுமென்று எடுத்தானா, தானாக விழுந்ததா என்று இன்னும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதைக் கேட்க எனக்கு நேரமில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். முத்துச்செல்வியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

கதவு திறந்தது. திருப்பினாள். எஞ்சின் கிர்ரென்று சுற்றி அடங்கிவிட்டது. சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு இசக்கிராஜாவைப் பார்த்தேன்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன அண்ணாச்சி, கார் கிளம்பல, நீங்க சிரிக்கீங்க?”

நான் முத்துச்செல்வி பக்கம் திரும்பினேன்.

“இன்னொரு தடவை திருப்பு தாயி” என்றேன்.